நான்கு வழிச்சாலையும் நம் வயல் வடிகாலும்

புதுச்சேரி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அறிந்து நிம்மதி. ஊருக்கு மேற்கே நான்கு வழிச்சாலைக்குக் கல் நட்டுவிட்டார்கள், சென்ட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் தெருவெல்லாம் பேச்சு என்று எழுதியிருக்கிறாய். இழப்பீட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதைவிட அவசரமானது தண்ணீர். நிலம் கொடுத்தவருக்குப் பணம் வரும். ஒரு சென்ட்கூட எடுக்கப்படாத பக்கத்து வயலில் தண்ணீர் தேங்கினால், நில எடுப்புச் சட்டத்தில் கேட்க இடமே இல்லை.

நம் பக்கத்து நிலம் எப்படிச் சரிகிறது என்று உனக்குத் தெரியும். சங்கராபரணி, மலட்டாறு, தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு எல்லாமே மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வருகின்றன. சாலை போவது வடக்கு தெற்காக. விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையில் எம்.என்.குப்பம் முதல் பூண்டியாங்குப்பம் வரையுள்ள 38 கி.மீ. பகுதி, புதுச்சேரியையும் கடலூரையும் தொடாமல் மேற்கே வயல்வெளியில் வருகிறது. ஆற்றுக்குப் பாலம் கட்ட யாரும் மறப்பதில்லை. இரண்டு ஆற்றுக்கு நடுவில், பெயரில்லாத ஓடையும் வரப்போர வாய்க்காலும் போகிற இடத்தில்தான் சிக்கல். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையில் 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். அரசூரில் சென்னை–திருச்சி சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. சாலை மேல் ஓடியதைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். சாலையின் மேற்கே தேங்கி நின்ற நீரைப் பற்றிப் பேச்சே இல்லை.

சாலையை ஏன் அவ்வளவு உயர்த்துகிறார்கள் என்று கேட்டிருந்தாய். தார்ப்பாளத்துக்கும் ஜல்லிக்கும் கீழே 50 செ.மீ. கனத்துக்கு நன்றாக இறுக்கிய மண் படுகை உண்டு. அதன் அடிமட்டம் வெள்ள மட்டத்துக்கு ஒரு மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் படுகை நனைந்துவிட்டால் லாரிச் சக்கரத்தைத் தாங்காது. மேலே எத்தனை அங்குலம் தார் போட்டாலும் பாளம் பாளமாக வெடிக்கும். ஆகவே உயரம் தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அப்படி உயர்த்திய சாலை நம் வயலுக்குக் குறுக்கே போட்ட ஏரிக்கரை. அந்தக் கரைக்கு எத்தனை திறப்பு, எந்த மட்டத்தில் என்பதுதான் ஊரின் தலையெழுத்து.

கணக்கு எளிது. ஒரு சதுர கிலோமீட்டரில் 20 செ.மீ. மழை பெய்தால் 2 லட்சம் கன மீட்டர் தண்ணீர். அதை ஒரு நாளில் வடிக்க விநாடிக்கு 2.3 கன மீட்டர், அதாவது 80 கன அடி போக வேண்டும். சாலைக்கு அடியில் போடும் 1200 மி.மீ. விட்டமுள்ள ஹியூம் பைப்பின் (கான்கிரீட் குழாயின்) வாய் 1.13 சதுர மீட்டர். நம்மூர் சமதளத்தில் நீர் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால், முழுக்க நிரம்பி ஓடினாலும் ஒரு பைப்பில் 40 கன அடிதான். எனவே சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பைப் வேண்டும். பாதி தூர்ந்தால் நான்கு. சம்பா நடவு முடிந்த இளம் பயிர் இரண்டு மூன்று நாளுக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் தேறாது. இதற்குத்தான் பைப்பைவிடப் பெட்டிப் பாலம், அதாவது பெட்டி வடிவக் கான்கிரீட் திறப்பு, நல்லது என்கிறேன். உள்ளே ஆள் இறங்கித் தூர் வாரலாம், ஆகாயத்தாமரையும் சிக்காது.

எண்ணிக்கையைவிட மட்டம் முக்கியம். பைப்பின் அடி, வாய்க்காலின் பழைய அடிமட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு சாண் மேலே வைத்தால் மேற்கு வயலில் ஒரு சாண் தண்ணீர் வற்றவே வற்றாது. கீழே வைத்தால் முதல் மழையிலேயே வண்டல் அடைத்துவிடும். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. முதன்மைச் சாலைக்கு அடியில் இரட்டைப் பைப் போட்டிருப்பார்கள். ஒட்டினாற்போல் போகும் சர்வீஸ் ரோட்டுக்கு அடியில் ஒற்றைப் பைப், அதுவும் பத்தடி தள்ளி இருக்கும். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். ஊருக்குள் போகும் சிறுபாதையின் அண்டர்பாஸையும் பார். உயரம் போதாமல் பாதையைத் தோண்டி இறக்கினால் அது ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் குட்டை. 3 மீட்டர் உயரத் திறப்பில் ஆடுமாடு போகும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகாது. 4 மீட்டர் கேளுங்கள்.

மண் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த சங்கதி. மேலே 27 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், இரண்டுக்கு ஒன்று சரிவு என்று கொண்டால் கி.மீ.க்கு 99 ஆயிரம் கன மீட்டர், நம் கணக்கில் 35 ஆயிரம் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இறுக்கினால் குறையும் என்பதால் வண்டியில் வர வேண்டியது 42 ஆயிரம் யூனிட் வரை ஆகும். நான்கு யூனிட் டிப்பரில் பத்தாயிரம் நடைக்கு மேல், ஒரே ஒரு கிலோமீட்டருக்கு! இத்தனை மண்ணும் ஏதோ ஓர் ஏரியிலிருந்தோ கேப்பர் மலை மாதிரி செம்மண் மேட்டிலிருந்தோதான் வர வேண்டும். சாலைக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று 2020இல் கொடுத்த விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பார்க்க ஊருக்கு நியாயம் உண்டு. ஏரியில் எடுத்தால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் அந்த நீர் பாசனத்துக்கு வராது, வெறும் பள்ளமாகக் கிடக்கும். கரையடியை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும். பரவலாக, ஆழம் குறைவாக எடுத்தால் ஏரிக்குத் தூர் வாரியது போலவும் ஆகும்.

வயல் களிமண்ணையே போட்டு நிரப்புகிறார்களா என்று நீயே கண்டுபிடிக்கலாம். மண்ணைக் காயவைத்துப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலி. 100 மி.லி. அளவு குடுவை இரண்டில் பத்துப் பத்து கிராம் போட்டு, ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கிவிட்டு 24 மணி நேரம் வை. மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 16 மி.லி. என்று படிந்தால் உப்பல் 60 சதவீதம். 50க்கு மேல் உப்புகிற மண் சாலைக்கரைக்கு ஆகாது. கோடையில் வெடித்து மழையில் உப்பி, மேலே நீளவாக்கில் விரிசல் விழும்.

கரை நிரப்ப நெய்வேலி அனல் மின் நிலையச் சாம்பலும் வரும். அனல் மின் நிலையத்திலிருந்து 300 கி.மீ.க்குள் சாலை போட்டால் அதைப் பயன்படுத்தச் சொல்கிறது அரசாணை. நல்லதுதான், அந்த அளவுக்கு ஏரி மண் மிச்சம். ஆனால் சாம்பலுக்குப் பிடிப்பே கிடையாது. பக்கவாட்டில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் நல்ல மண் போர்த்தி, புல் பதித்து, சாலை நீர் இறங்கச் சரிவில் கான்கிரீட் கால்வாய் வைக்க வேண்டும். கால்வாய் விட்டுப்போன இடத்தில் மழைநீர் போர்வையை அறுத்துவிடும், சாம்பல் ஒழுகி வயலில் படியும், மேலே சாலை ஓரம் உள்ளுக்குள் பொந்தாகிவிடும். முதல் மழை முடிந்ததும் சரிவில் கோடுகோடாய் அரிப்பு தெரிகிறதா என்று ஒருமுறை நடந்து பார்.

பாலத்தில் ஏறும்போது வண்டி தூக்கிப் போடுகிறதே, அதுவும் களிமண் விஷயம்தான். பாலம் பைலில், அதாவது ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண்களில் நிற்கிறது, அமிழாது. அணுகுசாலை மென்களிமண் மேல் நிற்கிறது, மாதக்கணக்கில் அமிழும். களிமண்ணின் நீரை மேலே கொண்டுவரும் பட்டை வடிகால்களை ஒன்று ஒன்றரை மீட்டர் இடைவெளியில் செங்குத்தாக இறக்கி, மேலே மணல் பரப்பி, அதிக மண் பாரம் ஏற்றிக் காத்திருந்தால் நீர் பிழிந்து வெளியேறி முன்கூட்டியே அமிழ்ந்துவிடும். காத்திருக்கப் பொறுமை இல்லாததால்தான் மேடுபள்ளம்.

மரங்களைப் பற்றிச் சொன்னால் மனது பொறுக்கவில்லை. பழைய ரோட்டோரப் புளியமரம் தந்த நிழலுக்கு நடுத்திட்டில் வைக்கிற அரளி எந்த விதத்திலும் ஈடில்லை. அரளி எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவே. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் ஊரில் சொல்லி வை.

இனி இழப்பீடு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இல் 3ஏ அறிவிப்பு (நிலம் எடுக்கப் போகிறோம் என்பது) வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நிலத்தை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுடையது. உன் நிலம் இரண்டாகப் பிளந்தால், பிளவால் மிச்ச நிலத்துக்கு வரும் நஷ்டத்தையும் 3ஜி(7)இன்படி கேட்கலாம். பெரும்பாலோர் கேட்பதே இல்லை. தொகை போதாவிட்டால் நடுவரிடம் போகலாம்.

ஆட்சேப மனுவில் விலையை மட்டும் எழுதாதே. ஊர் வாய்க்கால்கள் சாலையைக் குறுக்கிடும் இடங்களை ஒவ்வொன்றாக, புல எண்ணோடு எழுது. பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று கோயில் சுவரில் குறி இருந்தால் அதையும் சேர். ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு வாய்க்காலின் அடிமட்டத்தையும் சாலைக்கு இரு புறமும் ஐம்பது மீட்டர் வரை குறித்துக்கொள். கல் நட்டவர்கள் விட்டுப்போன பெஞ்ச் மார்க்கிலிருந்தே (மட்டம் தெரிந்த குறியிலிருந்தே) தொடங்கு, இல்லாவிட்டால் அவர்கள் வரைபடத்தோடு ஒத்துவராது. வி.ஏ.ஓ.விடம் புலப்பட நகலும் வாங்கி இரண்டையும் எனக்கு அனுப்பு. எத்தனை பெட்டிப் பாலம், என்ன அகலம் என்று கணக்குப் போட்டு, மனுவோடு இணைக்கிற மாதிரி எழுதித் தருகிறேன். 21 நாள் என்பதை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்