அலுமாரியை ஒதுக்குமுன் அந்தப் பட்டு லேஞ்சியை ஒருதரம் விரித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒவ்வொன்றிலும் ஓட்டு வீடு போய் அடுக்குமாடி வருகிறது, அதைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கே எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த வீட்டுக்குள் கிடந்த ஒரு துணியைப் பற்றி. காலையில் பாண் வாங்கப் போனபோது வாசலில் நின்ற லொறியின் முன்கண்ணாடியை ஒரு தம்பி துடைத்துக்கொண்டிருந்தார், அவர் கையில் இருந்த துணி வெயிலில் மினுங்கிய விதத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. கேட்டேன். "உள்ளே அலுமாரியில் கிடந்த பழந்துணி அம்மா, வேண்டுமென்றால் எடுங்கோ" என்று தந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். மூலையில் டிசைனோடு சேர்த்தே அச்சடித்த பெயர், ஜக்மார்.

ஜக்மார் என்பது 1932 இல் லண்டன் மேஃபெயரில் தொடங்கிய பட்டுத்துணிக் கம்பனி. பெரிய தையல் நிலையங்களுக்குப் பட்டு விற்றவர்கள், மிஞ்சிய துண்டுகளை ஸ்கார்ஃப் ஆக்கப் போய் அதிலேயே பெயரெடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆர்னல்ட் லீவர் என்ற ஓவியர் இவர்களுக்கு வரைந்த போர்க்காலப் பிரசார ஸ்கார்ஃப்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். அப்படிப்பட்ட கம்பனியின் துணிதான் லொறிக் கண்ணாடி துடைத்தது. அந்தத் தம்பி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வீட்டுக்காரரின் பிள்ளைகள் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருப்பார்கள், அலுமாரியைத் திறந்து பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லை.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக இந்த ஸ்கார்ஃப்களைச் சேர்க்கிறேன். 1940 முதல் 60கள் வரையானவை மட்டும், இப்போது நாற்பதுக்குக் கொஞ்சம் கூட. கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நடக்கும் பழம்பொருள் விற்பனை, புறக்கோட்டையில் பழைய உடுப்பு மூட்டை பிரிக்கும் இடங்கள், வீடு காலி செய்கிறவர்கள் என்று தேடித் தேடி எடுத்தவை. தொடக்கம் அம்மாவுடைய ஒன்றுதான்.

பெரியம்மா 50களில் தாதிப் படிப்புக்கு லண்டன் போய்த் திரும்பிக் கப்பலில் வந்தபோது அம்மாவுக்கு ஒரு லிபர்ட்டி ஸ்கார்ஃப் கொண்டுவந்தார். மயிலிறகு டிசைன். லிபர்ட்டி கடைக்கு 1887 இல் ஆர்தர் சில்வர் வரைந்த 'ஹீரா' என்ற டிசைன் அது, கிரேக்கத் தெய்வம் ஒன்றின் பெயர், இன்றைக்கும் அச்சடிக்கிறார்கள். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. மயிலிறகு என்றால் முருகன், அவ்வளவுதான். கதிர்காமம் போகும்போது பஸ்ஸில் தலைக்குக் கட்டிக்கொண்டு போவார், மற்ற நாட்களில் 'பட்டு லேஞ்சி' என்று சொல்லி அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருப்பார். 83 ஜூலையில் வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தபோது, கையில் கிடைத்த அந்த லேஞ்சியில்தான் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் அப்பாவின் வேலைப் பத்திரங்களையும் தாலிக்கொடியையும் முடிந்துகொண்டு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமுக்குப் போனோம். வீட்டில் இருந்த மற்ற எல்லாம் எரிந்துவிட்டன. அம்மாவின் கல்யாணப் படம்கூட இல்லை. லேஞ்சி இருக்கிறது. நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்ட சுருக்கம் இன்னும் போகவில்லை, நானும் அதை நீக்கப் பார்க்கவில்லை.

கொழும்பில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பழையது ஏதும் மிஞ்சியிருந்தால் அது பெரும்பாலும் இப்படிக் கையோடு வந்தது, அல்லது வேறு யாரோ பத்திரமாக வைத்திருந்து தந்தது. அதனால்தான் ஒரு துண்டுத் துணிக்காக ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறேன்.

இந்த ஊரில் இப்படியான ஸ்கார்ஃப் எங்கே இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் ஓடிய பி அன்ட் ஓ, ஓரியன்ட் லைன் பயணிக் கப்பல்கள் கொழும்பில் நின்று போன காலம் அது. படிக்கப் போனவர்கள், தாதிமார், டொக்டர்மார், வக்கீல்மார் எல்லாரும் அந்தக் கப்பல்களில்தான் வந்தார்கள், பெட்டியில் இடம் பிடிக்காத, சுங்கத்தில் கரைச்சல் தராத அன்பளிப்பு என்றால் ஒரு ஸ்கார்ஃப். 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி இங்கே வந்த நாட்களில் தலையில் ஸ்கார்ஃப் கட்டுவது கொழும்பில் நல்ல நாகரிகம். அதன் பிறகு 60களில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் இறக்குமதித் தடைகளும் வந்து, 77க்குப் பின்னர் கதவு திறக்கும் வரைக்கும் வெளிநாட்டுத் துணி என்பது அருமை. கிடைத்ததைப் பொன்போல வைத்திருந்தார்கள். ஆகவே அம்மம்மாமாரின் பெட்டியில் ஒன்று இருந்தால் அது தற்செயலாக மிஞ்சியது அல்ல, பார்த்துப் பார்த்து வைத்தது.

இன்னொன்றும் உண்டு. 1944 இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது, தீவு முழுக்க நேச நாட்டுப் படையினர். எதிரிப் பிரதேசத்தில் விழுந்துவிட்டால் தப்பி வருவதற்கென்று விமானப்படையினருக்குப் பட்டிலும் ரேயோன் என்ற செயற்கைப் பட்டிலும் அச்சிட்ட வரைபடங்கள் கொடுக்கப்பட்டன, போர் முடிந்ததும் பல பெண்கள் அவற்றை ஸ்கார்ஃபாகக் கட்டினார்கள், சட்டையாகக்கூடத் தைத்தார்கள். உங்கள் வீட்டில் பழைய நிலப்படம் போட்ட மெல்லிய துணி ஒன்று கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் ஓரத்தைப் பாருங்கள். நல்ல ஸ்கார்ஃப்களில் ஓரத்தை விரலால் உருட்டிக் கையால் தைத்திருப்பார்கள், தொட்டால் மெல்லிய கயிறுபோல உருண்டையாக இருக்கும், தையல் கொஞ்சம் முன்பின்னாக விழுந்திருக்கும். மெசின் தையல் தட்டையாக, ஒரே இடைவெளியில் ஓடும். பிறகு நான்கு மூலைகளையும் தேடுங்கள், டிசைன் போட்டவரின் கையெழுத்தோ கம்பனியின் பெயரோ பூவுக்கும் இலைக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். இத்தாலியரான எமிலியோ புச்சியின் ஸ்கார்ஃப்களில் 'எமிலியோ' என்ற சின்னக் கையெழுத்து டிசைனுக்குள்ளேயே திரும்பத் திரும்ப வரும், கண்ணுக்குப் பழகாவிட்டால் அதுவும் ஒரு கோடு என்றே நினைத்துவிடுவோம். அமெரிக்கக்காரி வேரா நியூமனின் ஸ்கார்ஃப் என்றால் 'வேரா' என்ற கையெழுத்தும் பல சமயம் அதன் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வண்டும். போர் முடிந்த காலத்தில் நல்ல துணி கிடைக்காமல், படையினர் கழித்துவிட்ட பரசூட் பட்டுத்துணியை வாங்கி அச்சடித்துத் தொடங்கியவர் அவர். லேபலில் சலவைக் குறிப்பு இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அமெரிக்காவில் அப்படிக் குறிப்புத் தைப்பது கட்டாயமானது 1972 இல், ஆகவே அமெரிக்காவில் விற்ற ஒரு ஸ்கார்ஃபில் அது இருந்தால் அநேகமாக அதற்குப் பிந்தியது.

துணி என்ன என்று பார்க்க, பிரிந்து தொங்கும் ஒரே ஒரு நூலை எடுத்து நெருப்பில் பிடித்தால் போதும். தலைமயிர் கருகிய மணம் வந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பட்டு. கடதாசி எரிந்த மணம் என்றால் ரேயோன். உருகிக் கட்டியானால் பொலியெஸ்டர். ஆனால் ரேயோன் என்றதும் மலிவுச் சாமான் என்று தள்ளிவிடாதீர்கள், இந்தப் பிழையை நானே ஒரு காலத்தில் செய்து ஒரு நல்ல ஸ்கார்ஃபை விட்டுவிட்டேன். போர்க் காலத்தில் பட்டு முழுவதும் பரசூட்டுக்குப் போனது, பிரித்தானியாவில் 1941 முதல் 1949 வரை உடுப்புக்குப் பங்கீடு, அந்த வருடங்களின் அருமையான ஸ்கார்ஃப்கள் பல ரேயோனில்தான் வந்தன.

எல்லாரும் கேட்கும் பெயர் பாரிஸ் கம்பனியான ஹெர்மெஸ். அவர்களுடைய முதலாவது பட்டுச் சதுரம் 1937 இல் வந்தது, 90 சென்ரிமீற்றர், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுத்தட்டு வைத்து அடிப்பது. இவர்களுடைய ஓரம் முன்பக்கமாக உருண்டிருக்கும். 1957 இல் ஹ்யூகோ கிரிகார் வரைந்த குதிரைக் கடிவாள டிசைனை இன்றும் புதிது புதிதாக அச்சடிக்கிறார்கள், ஆகவே டிசைனை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. போலியும் நிறைய. எனக்கு உள்ளதைச் சொன்னால், ஹெர்மெஸைவிட மனதுக்குப் பிடித்தவை ஆஷர் சதுரங்கள். செக் நாட்டிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த சீக்கா, லீடா ஆஷர் தம்பதி, மத்தீஸ், ஹென்றி மூர் போன்ற ஓவியர்களிடம் படம் கேட்டு வாங்கி ஸ்கார்ஃபில் அச்சடித்தார்கள், 1947 இல் லண்டன் லெஃபேவ்ர் கலைக்கூடத்தில் அவற்றை ஓவியம்போலத் தொங்கவிட்டுக் காட்டினார்கள். என்னிடம் ஒன்றுமில்லை. கொழும்பில் யாரிடமாவது இருந்தால் ஒரு தடவை பார்க்க மட்டும் ஆசை.

எங்களுடையதையும் சொல்லாமல் விட முடியாது. 60களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வா கொழும்பில் பத்திக் வேலையைப் பெரிய கலையாக எழுப்பினார், 1964 இல் பார்பரா சன்சோனி பெயர்ஃபுட் என்ற கைத்தறி நிறுவனத்தைத் தொடங்கி கைத்தறிக்குப் புது நிறங்களைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துப் பத்திக் ஸ்கார்ஃபோ கைத்தறித் துண்டோ உங்களிடம் இருந்தால், லேபலில் 'சிலோன்' என்று இருக்கிறதா பாருங்கள், நாட்டின் பெயர் 1972 மே 22 இல்தான் ஸ்ரீலங்கா ஆனது. பாரிஸ் பெயருக்குக் காசு எண்ணிக் கொடுப்பவர்கள் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்கு அது கவலை.

கழுவுவது பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் எறிவதால் போவதைவிடக் கழுவுவதால் போவது அதிகம் என்று நினைக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் நல்ல சிவப்புக் கரை போட்ட ஒரு பிரெஞ்சு ஸ்கார்ஃபை லோண்டறி ஒன்றில் கொடுத்தேன். படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தேன். சிவப்பு முழுக்க வெள்ளைக்குள் இறங்கி, உருட்டித் தைத்த ஓரத்தை அயன் போட்டு அப்பளமாகத் தட்டி, பொலித்தீன் பைக்குள் போட்டுத் திருப்பித் தந்தார்கள். அன்றைக்கு நான் அழுதேன். பழைய சாயங்கள், அதிலும் சிவப்பும் கடும் நீலமும், தண்ணீர் பட்டால் கசியும். வெள்ளைப் பஞ்சை நனைத்து ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள், நிறம் ஒட்டினால் தண்ணீருக்குக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். ஒட்டாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில், குழந்தைகளுக்குப் போடும் மென்மையான திரவ சோப் இரண்டு துளி விட்டு, பிழியாமல், துவாயில் சுற்றி ஈரத்தை எடுத்து, நிழலில் விரித்து விடுங்கள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டி பட்டைத் தின்றுவிடும். அயன் போட்டால் பின்பக்கமாக, மெல்லிய சூட்டில், ஓரத்தைத் தொடாமல்.

கொழும்பு வெக்கையிலும் ஈரத்திலும் பொலித்தீன் பைதான் முதல் எதிரி, உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தோய்த்துத் தோய்த்துப் பழகிய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றில் சுற்றி, மடிக்காமல் உருட்டி வையுங்கள். மடித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் தைப்பொங்கலுக்கு ஒருதரம், தீபாவளிக்கு ஒருதரம் எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள், ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே வெடித்துவிடும். பூச்சி உருண்டை துணியில் முட்டக் கூடாது.

இவ்வளவையும் சொன்னேன், ஆனால் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் ஒரு ஸ்கார்ஃப் இருந்தால், அது எந்தக் கம்பனி என்பது பிறகு இருக்கட்டும், யார் கட்டியது, யார் எங்கேயிருந்து கொண்டுவந்து கொடுத்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதி அதோடு வையுங்கள். அம்மா, மாமி, பெரியம்மா யாராவது இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் அம்மாவின் மயிலிறகு லேஞ்சியைப் பார்த்துவிட்டு, சுருக்கமும் கறையும் இருப்பதால் பெரிய விலை போகாது என்றார். கதையைச் சொன்ன பிறகு கையைத் துடைத்துவிட்டுத்தான் திரும்பத் தொட்டார்.

லொறியில் இருந்து எடுத்த ஜக்மார் ஸ்கார்ஃபின் ஒரு மூலையில், பின்பக்கம், கறுப்பு மையில் டோபி போட்ட சின்னக் குறி இருக்கிறது. ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி. சந்தையில் அதைப் பழுது என்பார்கள். எனக்கு அந்த வீட்டுக்காரியைக் கண்டுபிடிக்க மிஞ்சியிருப்பது அந்தக் குறி மட்டும்தான். 50கள், 60களில் வெள்ளவத்தையில் இருந்த யாருடைய வீட்டுத் துணிகளில் இந்தக் குறி இருந்தது என்று உங்கள் வாசகர்களில் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கலாம், அந்தக் காலத்தில் தலையணை உறை முதல் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை வரை எல்லாவற்றிலும் இருந்திருக்கும். தெரிந்தவர்கள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் போதும், நான் கவனித்துக்கொண்டே இருப்பேன். பிள்ளைகள் கேட்டால் ஸ்கார்ஃபைக் கொடுத்துவிடவும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.