ஞாயிறு பாட்காஸ்ட் பதிவு: மாநாட்டில் கற்றவை

அனைவருக்கும் வணக்கம். பாட்காஸ்ட் மாநாட்டுக்குப் போய்வந்த நம் உறுப்பினர்கள் சொன்னதை வைத்து, பழைய மாணவர் பாட்காஸ்டின் பதிவு முறையை மாற்றுகிறோம். அடுத்த பதிவு வரும் ஞாயிறு காலை 10 மணி.

1. மைக் வாயிலிருந்து ஐந்தாறு அங்குலம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதும்.
2. ஹெட்போன் கட்டாயம்.
3. ஜூம் பதிவை மட்டும் நம்ப முடியாது. இணையம் திணறினால் குரல் உடையும். இதுதான் மிக முக்கியம்: அவரவர் இடத்தில் இன்னொரு போனில், ஏரோபிளேன் மோடில், தனியாகப் பதியுங்கள். ரெக்கார்டர் செட்டிங்: வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு), 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒரே சேனல்). மணிக்குச் சுமார் 350 எம்பி இடம் வேண்டும். தொடக்கத்தில் 30 விநாடி அமைதி (அறை இரைச்சலை நீக்க), பிறகு எல்லோரும் ஒரு கைதட்டல். டிராக்குகளைப் பொருத்த அதுவே அடையாளம்.
4. ஃபேன், ஏசி வேண்டாம். டைல்ஸ் ஹாலும் வேண்டாம், எதிரொலிக்கும்; மெத்தை, திரைச்சீலை உள்ள படுக்கையறை நல்லது.
5. எடிட்டிங் குழுவுக்கு: இறுதிக் கோப்பின் சராசரி ஒலி அளவு, மோனோ என்றால் மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (ஒலி உரப்பை அளக்கும் அலகு), ஸ்டீரியோ (இரு சேனல்) என்றால் மைனஸ் 16.

வருபவர்கள் வெள்ளி இரவு 9 மணிக்குள் ஒரு நிமிட மாதிரிப் பதிவை இங்கே அனுப்புங்கள். டாகுமெண்டாக மட்டும், வாய்ஸ் நோட்டில் தரம் குறைந்துவிடும். வர இயலாதவர்களும் ஒரு வரி பதில் போடுங்கள்.