ஏப்ரலில் கூரை வேலை

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய பணம் வந்தது. நம் வீட்டுப் புல் கூரையை மாற்றும்போது நகோயாவிலிருந்து வர லீவு கிடைக்காது, பதிலுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாய். உறையோடு அலமாரியில் இருக்கிறது, வரும்போது வாங்கிக்கொள்.

செலவுக்கு அரசு உதவித்தொகை இருக்கிறது. இல்லாதது ஆள். நம் ஷிரகவா-கோ மலைப்பகுதியில், இந்த ஓகிமாச்சி கிராமத்தில் ஒரு வீட்டின் கூரையில் ஒரு பக்கத்தை ஒரே நாளில் வேய்ந்து முடிக்க நூறு, இருநூறு பேர் வேண்டும். நம் கூரைக்கு எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று உன் தாத்தா நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கடனை ஆளாகத்தான் அடைக்கணும். இத்தனை வருஷம் நான் போய் ஏறினேன். இப்போது முழங்கால் ஏணிக்கே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

ஆணி இல்லாத கூரை இரண்டு மீட்டர் பனியை எப்படித் தாங்குகிறது என்று மருமகள் கேட்டாளாமே. கிட்டத்தட்ட அறுபது டிகிரி சரிவு, பனி கனத்தால் வழுக்கி இறங்கிவிடும். மரங்களை 'நெசோ' என்கிற இளங்கொம்பால் பச்சையாக இருக்கும்போதே முறுக்கிக் கட்டுவோம். காயக் காய அது இறுகும். காற்றடித்தால் கூரை கொஞ்சம் அசைந்து கொடுக்கும், முறியாது.

அவளையும் கூட்டி வா. சமையலில் உட்கார வைக்க மாட்டேன், பாட்டி பட்டுப்புழு வளர்த்த பரணில் ஊசிக்கு ஆள் வேண்டும். கூரை மேல் இருப்பவர் ஆள் உயர மர ஊசியைப் புல்லுக்குள் குத்துவார். உள்ளே இருட்டில் இருப்பவர் அதன் காதிலிருந்து கயிற்றை உருவி, மரத்தைச் சுற்றி, மறுபடி கோத்து வெளியே தள்ளணும். இடம் தப்பினால் மேலேயிருந்து திட்டு விழும். யார் வீட்டு மருமகள் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் ஒரு கூரை முப்பது, நாற்பது வருஷம் உழைக்கும். தினமும் அடுப்புப் புகை ஏறி புல்லைப் பூச்சி அரிக்காமல் காத்தது. இப்போது கேஸ் அடுப்பு. புகைக்காகவே அவ்வப்போது விறகு மூட்டுகிறேன், அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு முணுமுணுக்கிறாள்.

வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டால் என்ன என்றும் கேட்டிருந்தாய். விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971-இல் ஊரே கூடி முடிவெடுத்தது உனக்குத் தெரியாததா? 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை. போன வாரம்கூட ஒருவர் மியூசியம் என்று நினைத்துச் சமையலறை வரை வந்துவிட்டார். அம்மா டீ கொடுத்து அனுப்பினாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசியில் புல் அறுப்பு, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஏப்ரலில் பனி உருகியதும் நாள் குறிப்பார்கள். தெரிந்த உடனே போன் செய்கிறேன், அன்றே லீவு சொல்லிவிடு. தூக்கிப் போடுகிற மாதிரி பழைய துணி இரண்டு செட் எடுத்து வா, அந்தப் புகைக்கரி எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. கையுறை இங்கே இருக்கிறது, வாங்க வேண்டாம்.

அப்பா