பொம்பெயிலேர்ந்து பாப்பாவுக்கு

பாப்பா, நேத்து ராத்திரி போன்ல சரியா பேச முடியல, அம்மாவுக்குக் கால் வலி, எனக்கும் அசதி, அதான் காலைல உக்காந்து நிதானமா டைப் பண்றேன். உனக்கு லீவு கிடைக்காம போச்சேன்னு நாள் பூரா அதே நினைப்புதான், ஒவ்வொரு தெருவுலயும் அம்மா "இத அவ பாக்கணுமே"ன்னு சொல்லிட்டே வந்தா.

நேப்பிள்ஸ்லேர்ந்து லோக்கல் ட்ரெய்ன்ல பொம்பெயிக்குப் போனோம், வெசூவியஸ் எரிமலை சாம்பல்ல புதைஞ்சுபோன பழைய ரோமானிய ஊரு. இடிபாடுன்னு சொல்றாங்களே தவிர அது முழு ஊருடா. 66 ஹெக்டேர் இருக்கும், 1748ல தோண்ட ஆரம்பிச்சு இன்னைக்கும் மூணுல ஒரு பங்கு மண்ணுக்கடியிலதான் கிடக்கு.

குடிதண்ணி வேலையிலயே காலத்த ஓட்டினவன் நான், என் கண்ணு எங்க போகும்னு உனக்குத் தெரியும். ஊரோட மேட்டுல, வெசூவியஸ் வாசல் பக்கத்துல ஒரு செங்கல் கட்டடம், கால்வாய்ல வர்ற தண்ணி அங்க வந்து மூணாப் பிரிஞ்சு ஈயக் குழாய்ல ஊருக்குள்ள இறங்கியிருக்கு. ஊரு சரிவுல இருக்கு, கீழ வர வர பிரஷர் ஏறி குழாய் வெடிச்சிரும்ல, அதுக்கு என்ன பண்ணிருக்காங்க தெரியுமா, தெருமுனைகள்ல ஆறு மீட்டர் உசரத்துக்குத் தூண் கட்டி, மேல ஈயத்தொட்டி வச்சு, தண்ணிய அதுல ஏத்தி மறுபடி இறக்கி பிரஷர உடைச்சிருக்காங்க. நாங்க பிரேக் பிரஷர் டேங்க்னு சொல்றோமே, அதேதான், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே! தூணோட பக்கவாட்டுல குழாய் போன பள்ளம் தெளிவா தெரியுது, அதையே பாத்துட்டு நின்னேன், அம்மா வந்து கூப்பிட்ட அப்புறம்தான் நகந்தேன்.

தூணுக்குப் பக்கத்துலயே கல்லுத்தொட்டி. தண்ணி விழுற இடத்துக்கு ரெண்டு பக்கமும் விளிம்பு குழிஞ்சு வழவழன்னு இருக்கு, ஜனங்க கைய ஊணிக் குனிஞ்சு குனிஞ்சு தேஞ்சது. இது மாதிரி நாப்பது தொட்டிகிட்ட ஊருக்குள்ள இருக்கு, சிலதுல இப்பவும் குழாய் வச்சு நல்ல தண்ணி விடுறாங்க, அம்மா பாட்டில நிரப்பிக்கிட்டா. நிரம்பி வழியுற தண்ணி தெருவுல ஓடும், அதான் நடைபாதைய உசத்திட்டு, கடக்குறதுக்கு நடுரோட்டுல பெரிய பெரிய கல்லு நட்டு, வண்டிச்சக்கரம் போக இடைவெளியும் விட்டிருக்காங்க.

கி.பி. 62ல பெரிய நிலநடுக்கம் வந்து ஊரே சேதமாயிருக்கு. 79ல எரிமலை வெடிக்கிற அன்னிக்கும் ரிப்பேர் ஓடிட்டுதான் இருந்திருக்கு. தெருவ வெட்டிப் போட்ட பள்ளம் மூடாம கிடைச்சிருக்கு. ஒரு வீட்டுல சுவருக்குப் படம் எழுதிட்டு இருந்தவங்க கிண்ணத்த எல்லாம் அப்படியே போட்டுட்டு ஓடிட்டாங்க, ஒரு பக்கம் கலர், ஒரு பக்கம் வெறும் பூச்சு. பதினேழு வருஷம்டா, ஊர விட்டுப் போகாம திரும்பத் திரும்பக் கட்டியிருக்காங்க, எனக்கு அந்த ஜனங்க மேல அவ்வளவு மரியாதை வந்துச்சு.

கடைசியா, தப்பியோடினவங்க தோட்டம்னு சொல்றாங்களே, அங்க போனோம். சாம்பல்ல புதைஞ்ச உடம்பெல்லாம் மக்கி, உடம்பு இருந்த இடம் மட்டும் சாம்பலுக்குள்ள கூடா நின்னிருக்கு, 1863ல ஃபியொரெல்லிங்கறவர் அந்தக் கூட்டுக்குள்ள பிளாஸ்டர் ஊத்தி உருவத்த எடுக்குற முறைய ஆரம்பிச்சாரு. அங்க 13 பேரு, சின்னப் பிள்ளைங்களும் உண்டு. ஒருத்தர் எந்திரிக்கப் போற மாதிரி கைய ஊணிக்கிட்டு இருக்காரு. அம்மா அந்தப் பிள்ளைங்க பக்கத்தவிட்டு வரவே மாட்டேன்னுட்டா. தெருவுல அந்தப் பள்ளத்த வெட்டின ஆளு தப்பிச்சிருப்பானா, இல்ல இப்படித்தான் எங்கயாச்சும் கிடந்தானான்னு எனக்கு ஓடிட்டே இருந்துச்சு.

சனி ஞாயிறு நாங்க நேப்பிள்ஸ்லதான் இருப்போம், ஃப்ளைட் புடிச்சு வந்துருடா. எர்கொலானோன்னு அதே எரிமலைல புதைஞ்ச இன்னொரு ஊரு இதே ட்ரெய்ன் லைன்ல இருக்கு, அங்க மரக்கதவு, கட்டில்கூட கரியாகி அப்படியே நிக்குதாம், நீ வந்தா சேந்து பாக்கலாம்னு நாங்க இன்னும் போகல. செருப்பு வேணாம், ஷூ போட்டுட்டு வா, கல்லு ரொம்ப மேடுபள்ளம், நிழலும் கிடையாது. வர்றியா இல்லையான்னு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லு, ரூம் போடணும்.

அப்பா