பெட்டி இன்னும் ஒட்டவில்லை

லண்டன்
18 மே 2025

அன்பின் குணம்,

உன் பெடியள் பந்தடிக்க ஜனவரியில் நீ கேட்ட பழைய சப்பாத்துகளைப் பற்றி இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதவில்லை. "லண்டன்காரனுக்குக் கை முறிஞ்சு போச்சோ" என்று நீ கேட்டதைத் தவம் சொன்னான். முறியவில்லை மச்சான், சோம்பல்தான். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், சந்தோசம். இங்கே மனுசிக்கு முழங்கால் நோ, எனக்குச் சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றப்படி சுகம். சப்பாத்து சேர்ந்துவிட்டது, நாற்பத்தொரு சோடி. அந்தக் கதை கடைசியில்.

நேற்று கிறிஸ்டல் பலஸ் கழகம் எஃப்.ஏ. கிண்ணம், இங்கத்தைய பெரிய உதைபந்துக் கிண்ணம், எடுத்ததைப் பார்த்தாயா? மான்செஸ்டர் சிற்றியை 1-0. 1905இல் தொடங்கிய கழகத்துக்கு இதுதான் முதலாவது பெரிய கிண்ணம். பதினாறாவது நிமிடத்தில் எஸே அடித்தான். பிறகு சிற்றியின் மார்மூஷ் அடித்த பெனால்டியைப் பலஸ் கோலி ஹெண்டர்சன் தட்டிவிட்டான். அப்போது உன்னைத்தான் நினைத்தேன். எங்கள் பழைய கோலி நீ அங்கே நின்றிருந்தால் பனங்காய்க்குப் பாய்ந்த மாதிரி மற்றப் பக்கம் போயிருப்பாய்.

நான் அதை வீட்டிலிருந்து பார்க்கவில்லை. எங்கள் கழகத்தின் கிளப்ஹவுஸில், ஈரக் கம்பளி மணக்கும் அந்த அறையில், நாற்பது பேரோடு நின்று பார்த்தேன். ஆம், "எங்கள் கழகம்" என்றுதான் எழுதியிருக்கிறேன். சிரிக்காதே. பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் இந்த வருட ஸ்கோரையெல்லாம் தேடி எடுத்துப் பொட்டுவுக்கும் தவத்துக்கும் அனுப்பிவிட்டுத்தான் நீ சாப்பிடுவாய்.

இங்கே மேல் நான்கு டிவிஷன்களில் 92 கழகங்கள். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் நொன்-லீக். பெயரில்தான் லீக் இல்லை. கீழே போகப் போக லீக்குக்குள் லீக்காக அடுக்கிக்கொண்டே போகும். எங்களது ஒன்பதாவது அடுக்கு. சென்டர் பாக் குழாய் வேலைக்காரன், கப்டன் பள்ளிக்கூட ஆசிரியர், வலது பக்கம் ஓடுகிறவன் பார்சல் வான் ஓட்டுகிறான். செவ்வாயும் வியாழனும் இரவில் பயிற்சி. பருவகாலத்தில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை இந்த நாட்டு ரீவியில் மட்சை நேரடியாகக் காட்டக்கூடாது என்று பழைய விதி ஒன்று இருக்கிறது. அந்தப் புண்ணியத்தில் எங்கள் கிரவுண்டுக்கு நூறு நூற்றிருபது பேர் வருகிறார்கள். நாவாந்துறை சென்.மேரிஸும் பாசையூர் சென்.அன்ரனிஸும் மோதினால் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் நிற்க இடமிருக்காதே, அதைச் சொன்னால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை. பாதி நேரத்தில் ஆதரவாளர்கள் எல்லோரும் எழும்பி, எங்கள் ஆட்கள் கோல் அடிக்கப்போகும் பக்கத்துக்கு நடந்து போவார்கள். முதல் தடவை நான் நெருப்புப் பிடித்துவிட்டதாக்கும் என்று பயந்தேன்.

தேத்தண்ணிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிழவர் நிற்பார். 1959 ஜனவரியில், எட்டு வயதில், ரூட்டிங் அன்ட் மிச்சம் என்ற கழகத்தின் கிரவுண்டில் இருந்தாராம். அது இங்கிருந்து தூரமில்லை. அன்றைக்கு முதலாம் டிவிஷன் (அப்போது அதுதான் உச்சம்) நொட்டிங்ஹாம் ஃபொறஸ்டுக்கு எதிராக இந்த அமெச்சூர் ஆட்கள் 2-0 முன்னுக்கு நின்றார்கள். தரை உறைந்து கல்லாகிக் கிடந்தது. ரூட்டிங் ஆட்டக்காரன் ஒருவன் தன் கோலிக்கே திருப்பி அடித்த பந்து ஒரு பள்ளத்தில் பட்டுத் துள்ளி வலைக்குள் போயிற்று. பிறகு ஒரு பெனால்டி, ஆட்டம் 2-2. மறுபோட்டியில் ஃபொறஸ்ட் 3-0 வென்று, அந்த வருடக் கிண்ணத்தையும் எடுத்தது. அறுபத்தாறு வருடமாகியும் கிழவர் அந்தப் பள்ளத்தைக் காலால் தேய்த்துக் காட்டுவார். நம்மைப் பயிற்றின மாஸ்டர் அந்தப் பழைய ஓஃப்சைட்டைக் கதைக்கிற மாதிரியேதான்.

எங்கள் பருவம் சொல்லுந்தரமில்லை. ஓகஸ்டிலேயே எஃப்.ஏ. கிண்ணம் தொடங்கிவிடும். எழுநூறுக்கு மேற்பட்ட கழகங்கள். முதல் சுற்றில் வென்றால் ஆயிரத்துச் சொச்சம் பவுண்ஸ். தோற்றோம். நவம்பரில் கோல் அடிக்கிற ஒரே ஒருவனையும் மேல் அடுக்குக் கழகமொன்று கொண்டுபோயிற்று. ஒப்பந்தமில்லாத ஆட்டக்காரனை எடுக்க ஏழு நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் போதும், ஒரு சதம் தரத் தேவையில்லை. தை மாதம் முழுக்க மழை. சனிக்கிழமை காலை ஆறு பேர் முள்ளுக்கரண்டி மாதிரியான கவைகளோடு கிரவுண்டில் நின்று குத்திக் குத்தித் தண்ணீர் இறக்குவோம். பதினொரு மணிக்கு நடுவர் வந்து பந்தைக் கீழே போடுவார். அது துள்ளாது, சளக்கென்று ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் வீட்டுக்குப் போவோம். கடைசியில் இருபதில் பதினான்காவது இடம். வருடத்தின் ஒரே வெற்றி மனுசியின் மட்டன் றோல்ஸ். எண்பது செய்து கொண்டுவந்தோம், பாதி நேரத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது. இப்போது கமிற்றிக்கு ஸ்ட்ரைக்கர் போனதைவிட அவளின் முழங்கால்தான் பெரிய கவலை.

இதெல்லாம் உனக்கு எழுதக் காரணம் வேறு.

சின்னவன் இந்தக் கழகத்தின் அகடமியில் இரண்டு வருடம் இருந்தது உனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் பெரிய இடமொன்று அவனை வேண்டாமென்று கடிதம் அனுப்பிய கதையும் தெரியும். அவன் பிறந்தது ஓகஸ்ட் 22. இங்கே வயதுப் பிரிவு செப்டெம்பர் முதலாம் தேதியோடு மாறும். அவனோடு ஓடினவர்களில் பாதிப் பேர் ஒக்ரோபரிலும் நவம்பரிலும் பிறந்த மாடுகள், இவன் கன்று. இன்னும் பத்து நாள் பொறுத்துப் பிறந்திருந்தால் ஒரு வகுப்புக் கீழே, அங்கே இவன்தான் மாடு என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனுசி இரண்டு நாள் கதைக்கவில்லை.

நொன்-லீக் அகடமி என்றால் பெரிய கட்டடத்தை நினைக்காதே. பக்கத்துக் கொலேஜோடு சேர்ந்த ஏற்பாடு. பதினாறிலிருந்து பதினெட்டு வரை பெடியள் காலையில் பீடெக் (BTEC) தொழிற்படிப்பு, பின்னேரம் பயிற்சி, புதன்கிழமைகளில் மட்ச். மாணவனுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கொலேஜுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கு கழகத்துக்கு வரும். சொன்னால் கோபிக்காதே, பெரிய அணியின் சோடா போத்தல்வரை அந்தக் காசில்தான் வருகிறது. ஆகவே பெடியளைச் சேர்க்கும் நாளில் ஒருவரும் உள்ளதைச் சொல்வதில்லை. ஜேமி வார்டியைச் சொல்வார்கள்: ஸ்ரொக்ஸ்பிரிட்ஜில் கிழமைக்கு 30 பவுண்ஸுக்கு விளையாடினவன், 2016இல் லெஸ்ரரோடு பிரீமியர் லீக் எடுத்தான். மிக்கேல் அன்ரோனியோவைச் சொல்வார்கள்: ரூட்டிங் அன்ட் மிச்சத்தில் தொடங்கி வெஸ்ட் ஹாம்வரை போனவன். நம்ம ஆட்கள் இருந்தால் விமல் யோகநாதன். வேல்ஸில் பிறந்த எங்கட தமிழ்ப் பெடியன் போன ஓகஸ்டில் பார்ன்ஸ்லி கழகத்துக்கு இறங்கினானே, அதற்குப் பிறகு விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் "இன்னும் பந்துதானோ?" என்று என்னைக் கேட்ட அதே ஆட்கள் "எந்தக் கழகம், தம்பி?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நானும் அந்தப் பேச்சில் விழுந்தவன்தான். சின்னவன் பெரிய அணிக்கு மூன்று தடவை இறங்கினான், எல்லாம் சேர்த்து இருபத்தாறு நிமிடம். அந்த இருபத்தாறு நிமிடத்தையும் நான் போனில் வைத்திருக்கிறேன். அதில் பாதி என் விரல்.

ஏப்ரல் கடைசி மட்ச் முடிந்து கார் பார்க்கில் காத்திருந்தேன். ஒரு பொட்டலம் சிப்ஸோடு வந்து ஏறினான். அடுத்த வருடம் எந்தக் கழகத்தில் ரயலுக்கு, அதுதான் ஆள் தெரிவு செய்கிற ஆட்டத்துக்கு, போகலாம் என்று நான் தொடங்கினேன். சிப்ஸை என் பக்கம் நீட்டி, "எனக்குக் காணும் அப்பா" என்றான். சிப்ஸைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். லீட்ஸில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்துவிட்டதாம், பெப்ரவரியிலேயே முடிவு எடுத்தானாம். எனக்குச் சொன்னால் மனம் உடைந்துபோவேன் என்று பொறுத்திருந்தானாம். முகத்தில் ஒரு துளி கவலை இல்லை. வினிகர் மணக்க மணக்க நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கார் ஓட்டினேன். நீயும் பொட்டுவும் இதைச் சொல்லிப் பத்து வருடம் சிரிக்கலாம், அனுமதி தருகிறேன்.

அவனைப் பற்றி எனக்குப் பயமில்லை குணம். மற்றவர்களைப் பற்றித்தான்.

இம்மாத முதல் கிழமை இரண்டாம் வருடப் பெடியளுக்கு முடிவு சொன்னார்கள். பதின்மூன்று பேர், பெரிய அணியில் இடம் இரண்டு. கோச் நல்ல மனுசன், காலையில் தபால் போட்டுவிட்டுப் பின்னேரம் பயிற்றுகிறவர். உடை மாற்றும் அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார், ஆளுக்கு ஐந்து நிமிடம். வெளியே தேத்தண்ணி ஊற்ற என்னை நிறுத்தியிருந்தார்கள். கதவு திறக்கும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, பையைப் பார்த்தால் தெரியும். இடம் கிடைத்தவன் பையை நிலத்தில் போட்டுவிட்டு போனை எடுத்தான். மற்றவர்கள் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

கோலி கடைசியாக வந்தான். கானாக்காரப் பெடியன், தாய் இரவு வேலை. ஐந்தடி ஒன்பது, உன்னைவிட இரண்டு அங்குலம் கூட. உயரம் போதாதென்று சொன்னார்களாம். மூன்று கரண்டி சீனி கேட்டான், போட்டேன். குடிக்கவில்லை. கையுறைகளைப் பையிலிருந்து எடுத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக மேசையில் வைத்தான். "நீங்கள் சப்பாத்து சேர்க்கிறீர்களாமே, இதையும் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். "தேத்தண்ணி ஆறுது" என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை ஒருவருடைய போனையும் அவன் எடுக்கவில்லை. கோச் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. பலஸ் மாதிரி இடங்களில், அகடமியிலிருந்து விட்ட பெடியளை மூன்று வருடத்துக்கு விசாரித்துப் பார்க்க ஆள் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் தண்ணி கொதிக்கவைக்கிற அண்டாவும் நானும்தான். நித்திரை வரவில்லை மச்சான், உண்மையாக.

எங்களை எப்போதாவது யாராவது "விட்டார்களா"? யோசித்துப் பார்த்தேன். ஆள் வராவிட்டால் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து வந்தாலும் மாஸ்டர் ஏசிவிட்டுப் பாக்கில் நிறுத்துவார். ஐந்து நிமிடக் கூட்டம், கடிதம், ஒன்றும் கிடையாது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தவத்துக்கு ஒருவர் நேரத்தோடு உண்மையைச் சொல்லியிருந்தால் ஏ.எல். பரீட்சையாவது ஒழுங்காக எடுத்திருப்பான். உன்னிடம் இப்போது பதின்மூன்று பதினான்கு வயதுப் பெடியள் இருக்கிறார்கள். வராது என்று தெரிந்த பெடியனுக்கு நீ என்ன சொல்கிறாய்? சும்மா கேட்கவில்லை. அடுத்த பருவம் மினிபஸ் ஓட்டவும் இந்தப் பெடியளின் நலம் பார்க்கவும் என்னைக் கேட்டார்கள், தலையாட்டிவிட்டேன். மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை. நீ ஃபோன் எடுத்தால் உளறிவிடாதே.

நேற்றைக்கு வருகிறேன். எஸே கோல் அடித்ததும் கிளப்ஹவுஸில் எல்லா வாயிலும் ஒரே கதை: பதின்மூன்று வயதில் ஆர்சனல் விட்டது, பிறகு ஃபுல்ஹாம், ரெடிங், மில்வோல் எல்லாம் விட்டது, ஆனாலும் பார்! எனக்கு அந்தக் கதை இப்போது பிடிக்கவில்லை. அந்த நாலு இடத்திலும் எஸேயோடு வரிசையில் நின்ற மற்றப் பெடியள் நேற்று எந்த ரீவியில் பார்த்தார்களோ.

பெனால்டிக்கு விசில் ஊதியபோதுதான் கதவடியில் எங்கள் கோலி நிற்பதைக் கண்டேன். எப்போது வந்தானோ தெரியாது. ஹெண்டர்சன் தட்டியதும் கிழவர் ஒரு கிளாஸ் பியரைத் தன் காலிலேயே கொட்டினார். அவன் மட்டும் சத்தம் போடவில்லை, கையை முன்னே நீட்டி விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். மட்ச் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது பக்கத்தில் வந்தான்.

"பெட்டி போயிற்றா?"

"இல்லை, இன்னும் ஒட்டவில்லை" என்றேன். உண்மையும் அதுதான். சப்பாத்துகளை அடியில் போட்டு, கையுறையை மேலே வைத்து, பத்து நாளாகத் திறந்தபடியே வைத்திருக்கிறேன். திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். இரண்டு கதிரை அடுக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வேண்டாம், அனுப்புங்கள். யார் போடுகிறான் என்று படம் மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்" என்றான்.

ஆகவே பெட்டி செவ்வாய்க்கிழமை கப்பலுக்குப் போகிறது. வந்து சேர இரண்டு மாதமாவது எடுக்கும். நாற்பத்தொரு சோடியில் மூன்றுக்கு லேஸ் இல்லை, ஒன்று இரண்டும் இடது கால், அது என் பிழை. கையுறை 9ஆம் அளவு, இடது பெருவிரலில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. நீ போட்டுப் பார்க்காதே. கட்டைப் பெடியனாகப் பார்த்துக் கொடு, படத்தை உடனே அனுப்பு.

அன்புடன்,
சிவா