யாழ்ப்பாணத்து அச்சக முதலாளிமாருக்கு: கலரையும் கும்பத்தையும் கடையிலேயே வையுங்கள்

யாழ்ப்பாணத்து அச்சக முதலாளிமாருக்கும், அங்கே கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். நல்லூர்த் தீர்த்தம் முடிந்து புரட்டாதி பிறந்தால் எங்கள் தொழிலில் மூச்சுவிடச் சின்னதாய் ஓர் இடைவெளி கிடைக்கும். கலியாணக் கார்ட் குறைந்திருக்கும், அடுத்த வருஷக் கலண்டர் இன்னும் வந்து குவிந்திருக்காது. அந்த இடைவெளியில் இரண்டு நாளை ஒதுக்கி, கடைக்கென்று ஒரு கலர் பேலட்டும் (அடிக்கடி பாவிக்கும் கலர்களின் பட்டியல்) ஒரு சிம்பல் தொகுப்பும் (கும்பம், வேல் போன்ற படங்களின் சேமிப்பு) செய்து வைக்கச் சொல்லிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது என்ன நடக்கிறது? கோயில் ஆட்கள் போன வருஷ நோட்டீசைக் கொண்டுவந்து "இதே சிவப்புத்தான் வேணும்" என்கிறார்கள். அந்தச் சிவப்பு எந்தக் கோப்பில் கிடக்கிறது என்று அதைச் செய்த பொடியனுக்குத்தான் தெரியும். பொடியன் இப்போது கனடாவில். இங்கே காலை பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்டால் அங்கே நடுச்சாமம். கடைசியில் யாரோ நோட்டீசை ஸ்கான் பண்ணி, கலர் எடுக்கும் ஐட்ராப்பர் கருவியால் குத்தி, கையில் வந்த கலரை அடிக்கிறார்கள். பூரண கும்பத்தின் கதையும் அதுதான். பழைய கார்ட் ஒன்றைத் திறந்து கொப்பி பண்ணுவதும், அதிலிருந்து இன்னொன்றுக்குக் கொப்பி பண்ணுவதுமாய் நாலைந்து கை மாறும்போது தேங்காய் சப்பிப் போயிருக்கும், மாவிலை ஒன்று காணாமல் போயிருக்கும்.

ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இப்படி இல்லை. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வந்த ஊர் இது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவிய ஊர். எழுத்துப் பெட்டியும் பிளாக்குகளும் அச்சகத்தின் சொத்தாக இருந்தன. எழுத்துக் கோப்பவர் வேலையை விட்டுப் போனாலும் பிள்ளையார் பிளாக் லாச்சியிலேயே கிடந்தது. கொம்பியூட்டர் வந்த பிறகு லாச்சியைக் கைவிட்டுவிட்டோம்.

இதில் மென்பொருளுக்கும் பங்கு உண்டு. அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் நீங்கள் சேர்க்கும் ஸ்வாட்ச், அதாவது சேமித்து வைக்கும் கலர், அந்தக் கோப்போடுதான் வாழும். புதுக் கோப்பைத் திறந்தால் பழையபடி அடோபி கொடுத்த கலர்கள்தான் இருக்கும். எல்லாக் கோப்பிலும் கைக்கு எட்ட வேண்டுமென்றால் ஸ்வாட்ச் பேனலின் மெனுவில் அதை லைப்ரரியாகச் சேமிக்க வேண்டும். சேமித்தால் 'யூசர் டிபைன்ட்' என்பதன் கீழ் வரும். அதைத் திறந்து, அந்தப் பேனலின் மெனுவில் 'பெர்சிஸ்டன்ட்' என்பதையும் குறித்துவிட்டால், இல்லஸ்ட்ரேட்டரைத் திறக்கும்போதே உங்கள் பேலட்டும் கூடவே வந்து நிற்கும். சிம்பல் லைப்ரரிக்கும் இதே வழிதான். இவ்வளவு வசதி இருந்தும் நான் பார்த்த கடைகளில் 'பெர்சிஸ்டன்ட்' என்ற அந்தச் சொல்லைத் தொட்டவர்கள் மிகக் குறைவு.

ஒரு சிக்கல் உண்டு. அந்த யூசர் டிபைன்ட் கோப்புறை விண்டோஸில் பயனரின் கணக்குக்குள், அந்தந்தப் பதிப்புக்கென்று தனியாக இருக்கிறது. கொம்பியூட்டரைப் போர்மட் அடித்தால் போச்சு. புதுப் பதிப்புப் போட்டாலும் பழைய லைப்ரரி அங்கே தானாக வந்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே மூலக் கோப்பு கடையின் பொது டிரைவில் இருக்கட்டும், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதிலிருந்து கொடுங்கள். போட்டோஷாப், இன்டிசைனுக்கும் அதே கலர் வேண்டுமானால் அடோபி மென்பொருள்களுக்குப் பொதுவான ஏஎஸ்இ கோப்பாகச் சேமிக்கலாம். ஆனால் கிரேடியன்டும் பேட்டர்னும் அதில் போகாது, தனிக் கலர் மட்டுந்தான்.

பேலட்டில் முதல் இடம் எதற்கு என்று கேட்டால், நான் கறுப்புக்குத்தான் கொடுப்பேன். இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கும் புத்தகமான கல்வெட்டை எடுத்துப் பாருங்கள். உள்ளே தேவாரம் சின்ன எழுத்தில் இருக்கும். ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை) தட்டிய கறுப்பை அமெரிக்க ஸ்வொப் புரொபைல் (அச்சுக்கான கலர்க் கணக்கு) வைத்து சிஎம்வைகே (சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு அச்சு மை) ஆக்கினால் 75, 68, 67, 90 என்று நாலு மையும் சேர்ந்து 300 வீதத்தில் வரும். நாலு பிளேட்டும் மயிரிழை விலகினால் போதும், எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசியும். செத்த வீட்டுக்காரர் திருப்பிக் கொண்டுவந்து சண்டை பிடிக்க மாட்டார்கள், அந்தக் கல்வெட்டு அப்படியே அவர்கள் வீட்டு அலுமாரியில் இருந்துவிடும். 'கல்வெட்டுக் கறுப்பு' என்று பெயர் வைத்து, கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று ஒரு ஸ்வாட்ச் போட்டு, எழுத்துக்கு இதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

மற்றக் கலர்களை 'குளோபல்' என்று குறித்துச் சேமியுங்கள். கோயில் தலைவர் கடைசி நேரத்தில் "காவி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றால் ஸ்வாட்ச் ஒன்றை மாற்றினால் அந்தக் கோப்பு முழுக்க மாறும். அதோடு, பேலட்டை ஆர்ட் தாளிலும் பதாகைத் துணியிலும் ஒவ்வொரு முறை அடித்துச் சுவரில் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் சுவரைப் பார்த்துக் கலர் சொல்லட்டும், திரையைப் பார்த்து அல்ல.

லைசன்சுக்குக் காசில்லாத சின்னக் கடைகளுக்கு இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் இருக்கிறது. அதன் பேலட் வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே செய்யலாம். முதல் வரியில் ஆங்கிலத்தில் 'ஜிம்ப் பேலட்'. அடுத்த வரியில் ஆங்கிலத்தில் 'நேம்:' என்று போட்டுப் பேலட்டின் பெயர். பிறகு வரிக்கு ஒரு கலர்: 190 30 45 குங்குமச் சிவப்பு. அவ்வளவுதான். யூடிஎப்-8 ஆகவும் ஜிபிஎல் என்ற நீட்சியோடும் சேமித்து, பேலட் கோப்புறையில் போட்டுவிட்டு இங்க்ஸ்கேப்பை மூடித் திறவுங்கள். கோப்புறை எங்கே என்பது பிரிபரன்ஸில் சிஸ்டம் என்ற பக்கத்தில் இருக்கும். சிம்பல்களை எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பு ஒன்றில் வைத்து, அதே பக்கம் காட்டும் சிம்பல் கோப்புறையில் போடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஜிபிஎல் பேலட்டுக்கு ஆர்ஜிபி மட்டுந்தான் தெரியும். பதாகைக்குச் சரி, பிளேட் வைத்து அடிக்கும் ஓப்செட்டுக்குப் போகும் வேலையின் கலரை அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். கோரல் டிரோ வைத்திருப்பவர்கள் திறந்திருக்கும் கோப்பிலிருந்தே பேலட் உருவாக்கிக்கொள்ளலாம்.

சிம்பலில் என்னென்ன வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கும்பம், குத்துவிளக்கு, வேல், நந்தி, சிலுவை, பிறை, தோரணம். ஓம் எழுத்தைக் கட்டாயம் சேருங்கள். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்குள் தமிழ் ஓம் குறி வந்தது 2008இல்தான். நாங்கள் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டுகிறோம். எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் ஓம் இருந்த இடத்தில் ஏதோ ஆங்கிலக் கிறுக்கல் நிற்கும். கோடாக மாற்றிச் சிம்பலாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. தொகுப்பிலிருந்து எடுத்த சிம்பலை ஒரு கார்ட்டில் மட்டும் மாற்ற நினைத்தால் முதலில் இணைப்பை முறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோப்பில் உள்ள எல்லாக் கும்பமும் சேர்ந்து மாறும்.

"பான்டோன் நம்பர் இருக்கே, பிறகென்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. பான்டோன் என்பது கலருக்கு நம்பர் கொடுக்கும் கம்பனி. 2022 கடைசியில் அடோபிக்கும் பான்டோனுக்கும் இடையிலான ஏற்பாடு மாறியபோது, போட்டோஷாப்பில் பழைய கோப்பைத் திறந்தவர்கள் பான்டோன் கலர் இருந்த இடத்தில் கறுப்பைக் கண்டார்கள். நம்பரைக் குறித்து வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குச் சரியான சிஎம்வைகே கலவை உங்கள் பேலட்டிலும் இருக்க வேண்டும்.

முதலாளிமார் வெளியில் சொல்லாத பயம் ஒன்று இருக்கிறது: பொடியன் வேலையை விட்டுப் போகும்போது தொகுப்பையும் பென் டிரைவில் கொண்டுபோய்ப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிடுவான். கொடுப்பான்தான். கும்பத்தைத் திருடி யாரும் பணக்காரன் ஆனதில்லை. உங்களிடம் ஒரு பிரதி மிஞ்சுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். இப்போது அதுவும் இல்லையே.

பாடசாலைச் சின்னங்களை வட்ஸ்அப் படத்திலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்டி எடுக்காதீர்கள். ஒருமுறை ஒழுங்காக வரைந்து, அச்சடித்து, அதிபரிடம் காட்டி, இதுதான் சரி என்று அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத் தொகுப்பில் சேருங்கள். எஸ்விஜி பிரதி ஒன்றைப் பாடசாலைக்கும் கொடுங்கள். வரைந்த பிள்ளைக்கு அந்த நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யக் கைவராதென்றால் கறுப்பிலும் கும்பத்திலும் தொடங்கலாம். மற்றவை வேலை வர வரச் சேரும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் கார்ட்டும் கல்வெட்டும் வடிவமைக்கும் ஒருவன்