எந்தப் பனி?

திசையன்விளை

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி தேவலையா? இங்கே மாசிப் பனி மச்சைத் துளைக்கிறது. காலையில் மஃப்ளர் இல்லாமல் டீக்கடைக்குப் போக முடியவில்லை.

அந்தப் பனியால்தான் வீட்டில் ஒரு வழக்கு. பனியுகம் முடிந்து 11,700 வருஷமாச்சு என்று பேத்தியின் ஒரு புத்தகத்தில் இருக்கிறது. நாம் இன்னும் பனியுகத்தில்தான் இருக்கிறோம் என்கிறது இன்னொன்று. "எது தாத்தா பொய்?" என்கிறாள்.

இரண்டுமே பொய்யில்லை. சொல்தான் இரட்டை வேலை பார்க்கிறது. அண்டார்டிகா, கிரீன்லாந்து மாதிரி, நிலத்தின் மேல் பெரும் பனிப்பரப்பு நிலைத்து நிற்கும் காலம் முழுவதும் பனியுகம். அதற்குள்ளே குளிர் ஏறி, ஐரோப்பா வரை பனி இறங்கி வந்த ஒவ்வொரு தவணைக்கும் அதே பெயர். கடைசித் தவணைதான் 11,700 ஆண்டுக்கு முன் முடிந்தது. ஐப்பசி அடைமழைக்கு நடுவே நாலு நாள் வெறிப்பு விழுந்தால் மழைக்காலம் போய்விட்டது என்போமா? நாம் இருப்பது அந்த மாதிரி ஒரு வெறிப்பில் என்றேன். புரிந்துகொண்டாள்.

பெரிய யுகம் எப்போது தொடங்கியது என்பதிலும் இழுபறி உண்டு. அண்டார்டிகாவில் பனி பிடித்ததிலிருந்து எண்ணினால் சுமார் 3.4 கோடி ஆண்டு. வடக்கிலும் படர்ந்ததிலிருந்து என்றால் சுமார் 26 லட்சம்தான்.

அடுத்த கேள்வி: "நம்ம தேரிச் செம்மணல்லயும் ஐஸ் கிடந்துச்சா?" பனி என்றதும் நம் பிள்ளைகளுக்கு மார்கழிப் புல்நுனிதானே தெரியும்! இங்கே ஐஸ் ஏது? தண்ணீரெல்லாம் வடக்கே கட்டியாக உறைந்ததால், சுமார் 20,000 வருஷம் முன்பு கடல்மட்டம் 120 மீட்டர் போலக் கீழே கிடந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். உவரிக் கடற்கரையில் நின்று அந்தக் கரை எங்கே இருந்திருக்கும் என்று காட்டப் பார்த்தேன். வெறும் அலைதான் தெரிந்தது.

சரி, பெரிய பனியுகம், சின்னப் பனியுகம் என்று பிரித்துவிடலாம் என்று பார்த்தால், 'சின்னப் பனியுகம்' என்ற பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. 1939இல் மாத்தஸ் என்ற நிலவியலாளர், கடந்த நாலாயிரம் ஆண்டில் மலைப் பனியாறுகள் மறுபடி வளர்ந்ததற்கு அந்தப் பெயரை வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கி, ஐரோப்பா நடுங்கிய சில நூற்றாண்டுகளுக்கு மட்டும் மாட்டிவிட்டார்கள்.

நீ தமிழ் வாத்தியார். தவணைக்கு ஒன்று, வெறிப்புக்கு ஒன்று என்று இரண்டு நல்ல சொல் எழுதி அனுப்பு. கருப்பட்டி இரண்டு கிலோ பார்சலில் போட்டிருக்கிறேன். உனக்குச் சர்க்கரை இருப்பதால் அது தங்கச்சிக்கு.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி